டெய்சி டீச்சரின் சிவப்புப் பொட்டலம்

போன வாரம் வாசலில் மணியடித்தது. பச்சைக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பஞ்சாயத்திலிருந்து குப்பை எடுக்க மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள்தான். பால் கவர், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் கட்டி வைத்திருப்பேன். அதை வாங்கிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் சின்ன க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் படம் பிடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு இளையவள் புதிதாக ஒன்று கேட்டாள்.

"மாமி, ஊசி, பிளேடு, மருந்துக் குப்பி வல்லதும் உண்டுமா? இனி அதெல்லாம் தனியாட்டு எடுப்போம்."

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. போட்டுக் கழித்த ஊசிகள் ஒரு குப்பியில் சேர்ந்திருந்தன. எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். குப்பி கடகடவென்று ஆடியது. "மாமிக்கு பிரஷர் உண்டுபோல" என்றாள் அவள். பிரஷர் ஒன்றும் இல்லை. பயம். அவள் கையில் தடித்த ரப்பர் உறை போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எங்களுக்கு அது கிடையாது.

'எங்களுக்கு' என்றால், நானும் ஒரு காலத்தில் இதே வேலை செய்தவள்தான். தொண்ணூறுகளின் கடைசி. ப்ரீடிகிரி பாஸாகி, டைப்ரைட்டிங்கும் பாஸாகி, அந்த இரண்டு சர்டிபிகேட்டையும் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, எல்லையோரத் திருப்புறத்தில் வீட்டில் இருந்தேன். மக்களே உட்கார்ந்து ஊருக்குத் திட்டம் போடலாம் என்று எங்கு பார்த்தாலும் கூட்டம் நடந்த காலம் அது. அப்படி ஒரு கூட்டத்தில்தான் வீடு வீடாகக் குப்பை எடுக்கப் பெண்கள் குழு ஒன்று அமைப்பதென்று முடிவானது. அதுவரை அவரவர் வீட்டைச் சுற்றிய பறம்பில், தென்னை மூட்டில் ஒரு குழி இருக்கும், எல்லாம் அதற்குள் போகும். ரோட்டோரத்தில் நிலம் துண்டுபட்டுத் துண்டுபட்டுக் கான்கிரீட் வீடுகள் வந்த பிறகு குழிக்கு இடம் ஏது? கவரில் கட்டி, ஆள் பார்க்காத நேரத்தில் கால்வாயில் எறிந்தார்கள். கால்வாய் நாறியது. நாங்கள் வந்தோம்.

என் அம்மா சபைக் கோயில் முற்றத்தில் எல்லோரிடமும், "மோளு பஞ்சாயத்து ஜோலிக்குப் போறா" என்று சொல்லுவாள். என்ன ஜோலி என்று யாராவது கேட்டால் உடனே வேதபாடம் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

எங்களுக்கு வகுப்பு எடுக்க ஒரு சார் வந்தார். வெள்ளை முண்டு, வாசனை பவுடர். "அழுகுவது ஒரு வாளி, அழுகாதது ஒரு வாளி. இவ்வளவுதான்" என்றார். கண்ணாடித் துண்டு? அழுகாதது. செருப்பு? அழுகாதது. எலி மருந்து டப்பா? சார் கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் அழுகாதது என்றார். உலகத்தை இரண்டு வாளியில் அடக்கிவிட்ட திருப்தியோடு சாயா குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாளிகளின் மணம் இன்னும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வாளியில் மீன் தலையும் செதிளும். ஞாயிறு இறைச்சி வாங்கிய வீடு எது, வாங்கினதாகச் சொல்லிக்கொண்ட வீடு எது என்று மூடியைத் திறந்தாலே சொல்லிவிடலாம். மரச்சீனிக் கிழங்குத் தோல் புளித்தால் ஒரு கள்ளு மணம் வரும். சக்கைக் காலத்தில் வண்டி முழுக்கப் பலா மடல்தான், தள்ளுவதற்குள் முதுகு ஒடியும். கால்வாய்க் கரையில் ஓலை வேய்ந்த ஷெட் இருந்தது. அழுகுவதை அங்கே செங்கல் தொட்டியில் சாணி தெளித்து மூடுவோம், உரமாகும். அழுகாததைப் பிரித்து, பாறசாலையில் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்கு அனுப்புவோம். கடைக்காரர் பெரிய சந்தேகப்பிராணி. உள்ளே மண்ணோ எண்ணெயோ இருக்கிற டின்னை எடுக்கமாட்டார். அதனால் டின் என்று கண்டால் அந்த இடத்திலேயே திறந்து கவிழ்த்துப் பார்ப்பது எங்கள் கைக்குப் பழகிப்போயிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வண்டி தள்ளியவள் திரேசியா. என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, பூவாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். மலையாளம் மளமளவென்று பேசுவாள், எழுத்துத் தெரியாது. தமிழ்தான் வாசிப்பாள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியார் கோயிலில் அவள் ஏற்றிய மெழுகுதிரிகளைச் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் ஷெட்டே நிறைந்திருக்கும்.

ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு என் காதில் சொன்னாள்: "மக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. ஒருத்தருட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுரும். இதாவது எனக்குத் தங்கணும்."

அன்றிலிருந்து வண்டியின் கனத்தை நான்தான் தாங்கினேன். மேடு வந்தால் அவள் சும்மா கையை மட்டும் வைத்துக்கொண்டு வருவாள்.

எங்கள் பாதையில் கடைசி வீடு டெய்சி டீச்சருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர் அவர்தான். அவர் கொடுக்கும் குப்பையே வேறு தினுசு: குப்பிகள் கழுவியிருக்கும், பேப்பர் மடித்துக் கட்டியிருக்கும். அந்த வருஷம் பம்பாயிலிருந்து அவர் தம்பி வந்தார். ஆள் எலும்பும் தோலும். பின்னறையில் படுத்தவர் வெளியே வரவேயில்லை. மஞ்சள்காமாலை என்றார் டீச்சர். மழை தொடங்கும்போது தம்பி இறந்தார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. அதைப் பற்றி ஊரில் கொஞ்சநாள் மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, டீச்சர் வைத்த வாளியில் ஒரு பால்பவுடர் டின் இருந்தது. அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததாம். நான் எதிர்வீட்டு வாசலில் நின்றேன், பார்க்கவில்லை. திரேசியா வழக்கம்போல நகத்தால் மூடியை நெம்ப, டீச்சர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டார். "அது தரதுக்குள்ளது இல்ல. மறந்து வச்சிட்டேன்" என்று மூச்சு வாங்கினார்.

"ஒரு டின்னுக்காட்டு இந்த ஓட்டம்! பென்ஷன் வாங்குத ஆளாக்கும்" என்று திரேசியா வழியெல்லாம் சிரித்தாள்.

"சீட்டில என்ன எழுதியிருந்து அக்கா?"

"ஆருக்குத் தெரியும்? உங்க மலையாளத்துல ஜாங்கிரி ஜாங்கிரியா சுத்தியிருந்து."

நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அந்த வாசலில், வாளிக்குப் பக்கத்தில் அது இருந்தது. திரேசியா குனிந்து எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் என்ன என்று பார்த்தாள். சிவப்புத் துணியில் இறுக்கிக் கட்டிய பொட்டலம். அதன் மேல் கறுப்பு நூல், முடிச்சுக்கு மேல் முடிச்சு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். உங்களுக்காகச் சொல்கிறேன். ஒருவருக்குக் கேடு வர வேண்டும் என்று நினைப்பவர்கள் மந்திரவாதியிடம் போய், தகடோ முட்டையோ எலும்போ ஓதி வாங்கி, சிவப்புத் துணியில் கட்டி அவர் பறம்பில் புதைத்துவிடுவார்கள். கூடோத்திரம் என்று பெயர். புதைத்த வீட்டில் சாவு விழும். தோண்டி எடுத்தவர் அதை வேறொருவர் கைக்கு மாற்றிவிட்டால் கேடும் அந்தக் கையோடு போய்விடும் என்பார்கள்.

எல்லாம் எங்களுக்கு நொடியில் விளங்கிவிட்டது. டீச்சர் வீட்டில் யாரோ புதைத்திருக்கிறார்கள். அதனால்தான் தம்பி போனார். இப்போது டீச்சர் தோண்டி எடுத்து நம் கையில் தந்துவிட்டார். பொட்டலம் வண்டிக்குள் விழுந்தது. திரேசியா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மக்கா, நான் தொட்டுட்டேனே. எனக்க பிள்ளை போச்சே."

எங்கள் சபையில் பேய்க்கும் கூடோத்திரத்துக்கும் இடமில்லை. பாட்டி காலத்திலேயே அதையெல்லாம் விட்டு வந்தவர்கள் நாங்கள் என்று போதகர் அடிக்கடி சொல்லுவார். ஆகவே நான் தைரியமாக வண்டியைத் தனியாக ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தைரியமாக ஒரு நீளக் கம்பால் பொட்டலத்தை மூலையில் ஒதுக்கினேன். பிறகு அந்தக் கம்பையும் தூர எறிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு பைபிளில் சங்கீதம் வாசித்தேன்.

மறுநாள் குழுவில் ஒருத்தியும் ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. குப்பை எடுப்பது நின்றது. வீடுகளில் வாளி நிரம்பி வழிந்தது. கவர்கள் மறுபடியும் கால்வாய்க்குப் போயின. தெருநாய்கள் மீன் தலையைக் கவ்விக்கொண்டு ரோட்டில் ஓடின. ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக்கொடுக்க வந்த நாங்கள் ஒரு துணி மூட்டையைப் பார்த்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம்.

திரேசியாவின் மாமியார்தான் பரிகாரம் சொன்னாள். தொட்டவளே கட்டை அவிழ்க்க வேண்டும். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடாது. கண்ணை மூடி, கடலுக்கு முதுகு காட்டி நின்று, வெறுங்கையால் அள்ளிப் பின்பக்கம் எறிய வேண்டும். ஆறும் கடலும் சேருகிற பொழியில் எறிந்தால் கட்டு உடனே அறும். கடற்கரை வழக்கம் அது. அதை மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படியாவது அது தொலையட்டும் என்றுதான் இருந்தது.

பூவார் பொழிக்குக் காலையில் போனோம். நானும் அவளும் மட்டும். பொட்டலம் வாளிக்குள், வாளியை நான் தூக்கினேன். மணலில் வள்ளங்கள் ஏறிக் கிடந்தன, வலை காய்ந்தது. திரேசியா கடலுக்கு முதுகு காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். துணி விலகியதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது அந்தப் பால்பவுடர் டின்தான். "அக்கா" என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் மூடியைத் திறந்து கையை விட்டு அள்ளினாள்.

"எம்மோ!"

கையை உதறினாள். நடுவிரலில் ஊசி ஒன்று குத்தித் தொங்கியது. மணலில் ஏழெட்டு ஊசிகள் சிதறின. எல்லாம் ஆஸ்பத்திரி ஊசிகள், சில சிரிஞ்சோடு. உள்ளே பழுப்பாகக் காய்ந்த ரத்தம்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. "கூடோத்திரம் இல்ல அக்கா! வெறும் ஊசியாக்கும்!" என்று கத்தினேன். அவளும் கண்ணைத் திறந்து பார்த்து ஒரு நிமிஷம் சிரித்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். ஒரு துளி ரத்தம் உருண்டு நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் பின்னறை ஞாபகம் வந்தது. பம்பாய், எலும்பும் தோலுமான ஆள், திறக்காத பெட்டி. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலெல்லாம் அந்த நோயின் பேரை மண்டையோடு வரைந்து எழுதிவைத்திருந்த காலம். வந்தால் சாவுதான், தாய்க்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் வரும் என்று படித்திருந்தோம். கூடோத்திரத்துக்காவது கடல் இருந்தது.

சிப்பியால் ஊசிகளை ஒவ்வொன்றாக டின்னுக்குள் தள்ளினேன். அவள் விரலைக் கடல்தண்ணீரில் முக்கி முக்கி அழுத்திக்கொண்டேயிருந்தாள், நான் இழுத்துக்கொண்டு வரும்வரை.

நேராக டீச்சர் வீட்டுக்குப் போனோம். டின்னைக் கண்டதும் டீச்சர் வாசலில் அப்படியே நின்றார்.

"திறந்தியளா? திறக்காம இருக்கதுக்காக்கும் மோளே நான் அப்பிடிக் கெட்டினேன்."

அவர் சொன்னது இவ்வளவுதான். தம்பிக்குப் போட்ட ஊசிகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. புதைத்தால் நாய் தோண்டும், எரித்தால் ஊசி எரியாது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தால் யாருக்கு என்று கேட்பார்கள். ஜாக்கிரதை, உள்ளே ஊசி என்று சீட்டு எழுதி ஒட்டினார். சீட்டைப் பார்த்தும் திரேசியா மூடியை நெம்புவதை ஜன்னல் வழியாகக் கண்டு, அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது என்று புரிந்துதான் ஓடி வந்திருக்கிறார். அப்புறம் யோசித்தார். எந்த எழுத்தும் தெரியாதவர்களும் கைவைக்கப் பயப்படுவது எது? பழைய சிவப்புக் குடைத் துணியைக் கிழித்து, தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துக் கட்டினார்.

"இதைக் கண்டா ஒருத்தரும் அவிழ்க்காம அப்பிடியே ஆழக் குழியில தள்ளி மூடுவிய எண்ணு நெனச்சேன்."

திரேசியா கேட்டாள்: "டீச்சரே, தம்பிக்கு என்ன சுகக்கேடு?"

"மஞ்சக்காமாலை."

"சத்தியமாட்டு சொல்லுங்க."

"எங்க சபையில சத்தியம் செய்யப்பிடாது" என்றார் டீச்சர்.

"எனக்க வயித்துல பிள்ளை உண்டு டீச்சரே."

டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குக் காலத்த பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. நானும் வாறேன்" என்றார். பதில் கிடைத்துவிட்டது.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நல்லவர். காய்ந்த ஊசியால் வருவதற்கு வாய்ப்பு குறைவு என்றார். ஆனால் இன்றைக்குப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தால்தான் நிச்சயம் என்றார். திரேசியாவின் கையில் ரத்தம் எடுத்து முடிந்ததும் டீச்சர் எழுந்து போய்த் தன் ஜாக்கெட் கையைச் சுருட்டினார்.

"எனக்கும் எடுக்கணும். அவனுக்கு ராத்திரி ஊசி போட்டது நானாக்கும். எனக்கும் குத்தியிருக்கு."

அதுவரை அவர் பெஞ்சின் மறுமுனையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தபோது திரேசியா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். முதல் முடிவில் திரேசியாவுக்கு ஒன்றும் இல்லை. டீச்சர் தனியாக உள்ளே போனார், தனியாக வெளியே வந்தார், குடையை எடுத்துக்கொண்டு "போவோம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்த மூன்று மாதத்தைப் போல ஒரு காலம் எனக்கு வந்ததில்லை. திரேசியா மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. லேசாகக் காய்ச்சல் அடித்தால் என்னைத் தேடி ஓடி வருவாள். வாயில் புண் வந்தால் கண்ணாடி முன்னால் நின்று அழுவாள். மாமியாருக்கோ சந்தோஷம், கட்டு அறுந்தாயிற்று என்று மீன் தலைக் குழம்பு வைத்து ஊட்டினாள். குழுவில் பெண்கள் உள்ளே என்ன இருந்தது என்று துளைத்தார்கள். "முட்டையாக்கும். பொழியில எறிஞ்சாச்சு" என்று திரேசியா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். உண்மை தெரிந்தால் டீச்சர் வீட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள், ஆர்மோனியத்தைத் தொடவும் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வேலை மறுபடி தொடங்கியது. டீச்சர் வாரம் தவறாமல் வாசலில் காத்து நின்று, "வயிறு எப்பிடி உண்டு மோளே?" என்று கேட்பார். நேந்திரம்பழமோ அவித்த முட்டையோ ஒரு பொதியாகக் கொடுப்பார். திரேசியா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். வளைவு திரும்பியதும் அழுகுகிற வாளியில் போட்டுவிடுவாள். "தின்ன முடியேல்ல மக்கா. பயமா இரிக்கு" என்பாள். ஒருநாள் அதே வாளியை நாங்கள் கொட்டிக் கழுவும்போது டீச்சர் அந்த வழியாக வந்தார். தன் பொதி அதில் கிடந்ததைப் பார்த்திருப்பாரோ என்னவோ. அடுத்த வாரமும் பொதி கொடுத்தார்.

இரண்டாவது சோதனைக்குப் போகும்போது திரேசியாவுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. டீச்சர் வரவில்லை. டாக்டர் கூப்பிட்டு, "பேடிக்கண்டா, ஒந்நுமில்ல" என்றார். பயப்பட வேண்டாம், ஒன்றுமில்லை. திரேசியா அந்த டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். நானும் அழுதேன். பஸ்ஸில் ஏறினதும் அவள் சொன்னாள்: "முதல்ல டீச்சருட்ட போய்ச் சொல்லணும். அந்த மனுஷி உருகிப் போயிருக்கும். இன்னிக்கு அவிய தாறதை அங்கயே வச்சு தின்னணும்."

வாசல் பூட்டியிருந்தது. வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்து வீட்டம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நேத்து வேன் வச்சு சாமானம் எல்லாம் ஏத்திட்டுப் போனாவ. வீடு வித்தாச்சு" என்றாள். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. மார்த்தாண்டம் பக்கம் சொந்தம் உண்டு என்று யாரோ சொன்னார்கள். போதகரிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. தான் கிளம்பியதற்கு மறுநாள்தான் சோதனை என்று டீச்சருக்குத் தெரியும். முடிவைக் கேட்டுத் தாங்க அவருக்குத் தெம்பில்லை போல.

திரேசியாவுக்குப் பெண்குழந்தை, பத்து மாதமும் நிறைந்து, கொழுகொழுவென்று. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மார்த்தாண்டத்தில் தெருத்தெருவாக விசாரித்திருக்கிறோம். களியக்காவிளைச் சந்தையில் குடை பிடித்துப் போகிற வயதானவர்களை ஓடிப்போய் முன்னால் நின்று பார்த்திருக்கிறோம். ஷெட் போய்விட்டது, அந்த இடத்தில் டயர் கடை. குழு கலைந்துவிட்டது. டீச்சர் வீட்டை இடித்து ஆடிட்டோரியம் கட்டிவிட்டார்கள். சுவரில் வரைந்த மண்டையோடுகளும் இல்லை, அந்த நோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. டீச்சர் இன்றைக்கு உயிரோடு இருக்க வழியில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்ல எங்களுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. எங்கே இருந்தாரோ, ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் கண்ணை மூடியிருப்பார்.